ரெக்கார்டு நோட்டில் 0.9... கிணற்றில் எவ்வளவு?

இன்ஜினியரிங் படிக்கும் பசங்களின் ரெக்கார்டு நோட்டை என்றைக்காவது புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அட்டை போட்டு, பார்டர் அடித்து, ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு எழுதி, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப் ரெக்கார்டை எடுத்து "மைனர் லாஸ்" என்று தலைப்புப் போட்ட பக்கத்துக்குப் போங்கள். பத்துப் பேருடைய நோட்டை வரிசையாக வையுங்கள். பத்திலும் எல்போவுக்கு விடை 0.9-ஐ ஒட்டியே இருக்கும். கிராஃப் பேப்பரில் புள்ளிகள் இம்மியும் விலகாமல் நேர்கோட்டில் நிற்கும்.

அந்த நேர்கோடுதான் பொய்க்குச் சாட்சி!

கோபப்படாதீர்கள், காரணம் இருக்கிறது. முதலில் இந்தப் பக்கம் வராதவர்களுக்காக இரண்டு வரி. குழாயில் தண்ணீர் ஓடும்போது நேர்க்குழாயின் சுவரில் உராய்ந்து கொஞ்சம் அழுத்தத்தை இழக்கும். அதற்கு மேஜர் லாஸ் என்று பெயர். எல்போவில் திரும்பும்போது, வால்வுக்குள் நுழைந்து வெளியேறும்போது, பெரிய குழாயிலிருந்து சின்னக் குழாய்க்குப் போகும்போது தண்ணீர் சுழன்று தடுமாறி இன்னும் கொஞ்சம் இழக்கும். இதற்குத்தான் மைனர் லாஸ் என்று பெயர். தண்ணீரின் வேகத்தை வர்க்கப்படுத்தி 19.62 ஆல் வகுத்தால் (மீட்டர் கணக்கில்) ஒரு உயரம் கிடைக்கும். அந்த உயரத்தைப் போல எத்தனை மடங்கு இழப்பு என்று சொல்லும் எண்தான் "கே" மதிப்பு. எல்போவுக்கு 0.9 என்று பாடப்புத்தகம் போட்டிருக்கிறது. அவ்வளவுதான் தியரி.

லேபில் 20 மி.மீ. குழாயில் எல்போ, பெண்டு, திடீர் விரிவு, திடீர் சுருக்கம் எல்லாம் மாட்டி வைத்திருப்பார்கள். எல்போவுக்கு முன்னும் பின்னும் துளை போட்டு, ரப்பர் டியூபில் பாதரச மானோமீட்டரோடு இணைத்திருப்பார்கள். கீழே ஒரு தொட்டி. ஸ்டாப் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு, தொட்டியில் தண்ணீர் 10 செ.மீ. ஏற எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு 25 லிட்டர் சேர 42 விநாடி ஆகிறது, மானோமீட்டரில் வித்தியாசம் 25 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 12.6 ஆல் பெருக்கினால் 31.5 செ.மீ. தண்ணீர் உயரம். கணக்குப் போட்டால் கே மதிப்பு 1.7 வரும்.

புத்தகத்தில் 0.9. கையில் 1.7. இப்போது அந்த மாணவன் என்ன செய்வான்?

பக்கத்து பெஞ்சைப் பார்ப்பான். போன வருட சீனியரின் ரெக்கார்டைப் பார்ப்பான். பிறகு ரப்பரை எடுத்து 25-ஐ அழித்து 13 என்று எழுதுவான். விடை 0.9 வந்துவிடும். எக்ஸ்டர்னல் வருவார், "வெரி குட்" என்று கையெழுத்துப் போடுவார், கதை முடிந்தது.

இதில் என்ன கொடுமை என்றால், 1.7 தான் சரி! மரை போட்ட சின்ன எல்போவுக்குக் கே மதிப்பு அதிகம். விரிவான அட்டவணைகளில் அளவுவாரியாகவே இருக்கிறது: அரை இன்ச்சுக்கு 2, ஒரு இன்ச்சுக்கு 1.5, இரண்டு இன்ச்சுக்கு 0.95. சின்ன எல்போவில் வளைவு நறுக்கென்று இருக்கும், மரையின் விளிம்பு உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும். முக்கால் இன்ச் எல்போ 1.7 கொடுத்தால் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டு இன்ச்சுக்கு உரிய எண்ணை முக்கால் இன்ச்சுக்கு எழுதியவன்தான் பாஸ், உண்மையைப் பார்த்தவன் அழித்துவிட்டான்.

நேர்கோட்டு விஷயமும் இதே கதைதான். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் அந்த 25 மி.மீ. வெறும் 6 மி.மீ. ஆகிவிடும். பாதரசமோ துடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் தப்பாகப் படித்தாலே விடை மூன்றில் ஒரு பங்கு ஆடிப்போகும். நிஜமாக அளந்தவனின் கிராஃபில் கீழ்ப்பக்கப் புள்ளிகள் சிதறித்தான் கிடக்கும். சிதறாத கிராஃப் வீட்டில் உட்கார்ந்து போட்ட கிராஃப்.

பி.காம் வகுப்பு மக்களே, சிரிக்காதீர்கள். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடும் பரம்பரைதான் இதுவும். ஆனாலும் ஒரு வேற்றுமை உண்டு. சஸ்பென்ஸ் அக்கவுண்ட் "இங்கே ஏதோ இடிக்கிறது, பிறகு தேட வேண்டும்" என்று ஒப்புக்கொண்டு பேலன்ஸ் ஷீட்டில் உட்கார்ந்திருக்கும். லேப் ரெக்கார்டில் அந்த நேர்மைகூடக் கிடையாது. டேலி ஆனால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்று முதல் வருட அக்கவுண்டன்சியிலேயே சொல்லித் தருகிறார்கள். நான்கு வருடம் இன்ஜினியரிங் படிப்பவனுக்கு அதை யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது.

சரி, ஒரு எல்போவுக்கு 0.9 என்று எழுதினால் என்ன, 1.7 என்று எழுதினால் என்ன? யார் குடி முழுகப் போகிறது?

திண்டுக்கல்லை விட்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். வேடசந்தூர் பக்கம், ஒட்டன்சத்திரம் பக்கம், நிலக்கோட்டை பக்கம். வெங்காயம், முருங்கை, மல்லிகை, மக்காச்சோளம் என்று பயிர் மாறும், தண்ணீர்க் கதை மாறாது. அடியில் கெட்டிப் பாறை. பாறையில் வெட்டிய பெரிய கிணறு. கிணற்றுக்குள் பாதியில் ஒரு திட்டு, அதில் ஒரு மோட்டார். அந்த மோட்டாரிலிருந்து இறங்கும் சக்சன் பைப்பின் அடியில், தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது ஃபுட் வால்வு (கடையில் கேட்டால் "புட்வால்"). மோட்டாரை நிறுத்தினால் பைப்பில் உள்ள தண்ணீர் திரும்பக் கிணற்றில் விழாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. ஓடும்போதோ மொத்தத் தண்ணீரும் அந்தச் சல்லடைக்குள்ளும் தட்டுக்குள்ளும் நுழைந்துதான் மேலே வர வேண்டும்.

அதை வாங்கும் விதம் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே, ரெண்டு இன்ச்சு புட்வால் ஒண்ணு குடுங்க."

"சாதாவா, கனமானதா தம்பி?"

"கனமானதே குடுங்கண்ணே."

முடிந்தது தரப் பரிசோதனை. எடை போட்டு வாங்க அது என்ன வெங்காயமா? தண்ணீரை எவ்வளவு தடுக்கும் என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அந்த ஊரில் சாவி போட்டு இரண்டு தடவை திறந்து மூடிப் பார்க்காமல் யாராவது பூட்டு வாங்குவார்களா? ஃபுட் வால்வுக்கு மட்டும் கையில் தூக்கிப் பார்த்தால் போதுமாம்.

இத்தனைக்கும் தரம் இல்லாமல் இல்லை. விவசாய பம்புகளின் சக்சன் பக்கம் போடும் ஃபுட் வால்வுகளுக்கென்றே ஐ.எஸ். 10805 என்று 1986லேயே இந்தியத் தர நிர்ணயம் வந்தாயிற்று. கே மதிப்பு 0.8-ஐத் தாண்டக் கூடாது என்பது அதன் கணக்கு. தட்டு நேர் மேலாக எழும்பித் திறக்கும் பழைய வகை ஃபுட் வால்வுகளுக்குப் பொறியியல் கைப்புத்தகங்கள் போடும் கணக்கோ 7, 8 வரை போகிறது. கீல் வைத்துத் திறப்பது என்றால் ஒன்றரை. பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே பத்து மடங்கு வித்தியாசம்.

கணக்குப் போடலாமா? விநாடிக்கு 6 லிட்டர் இறைக்கும் பம்பு, 2 இன்ச் பைப். தண்ணீரின் வேகம் விநாடிக்கு 3 மீட்டர். கே மதிப்பு ஒன்று என்றால் இழப்பு 48 செ.மீ. ஃபுட் வால்வு 7.5 என்றால் அது மட்டும் மூன்றரை மீட்டர். மூன்று எல்போ சேர்த்தால் இன்னும் 1.36 மீட்டர். ஆகமொத்தம் ஏறக்குறைய 5 மீட்டர். தரமான ஃபுட் வால்வும், எல்போவுக்குப் பதில் நீள வளைவு பெண்டும் போட்டால் மொத்தமே ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். நான்கு மீட்டர் சும்மா போகிறது!

மின்சாரத்தில் சொன்னால்: மோட்டாரும் பம்பும் சேர்ந்து 35 சதவீதத் திறன், வருடத்துக்கு 1500 மணி நேர ஓட்டம் என்று வைத்துக்கொண்டால், இந்த நான்கு மீட்டருக்காக ஒரு கிணற்றில் வருடத்துக்குச் சுமார் 1000 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றால் 6000 ரூபாய். இதற்குப் பெயர் மைனர் லாஸாம்!

காஸ்ட் அக்கவுண்டிங்கில் பிராசஸ் காஸ்டிங் படித்தவர்கள் ஒரு நிமிடம் யோசியுங்கள். தவிர்க்க முடியாத இழப்பு நார்மல் லாஸ். நல்ல உற்பத்தியின் விலையிலேயே கரைந்துவிடும். அதற்கு மேல் போனது அப்நார்மல் லாஸ். அதற்குத் தனிக் கணக்குத் திறந்து, காஸ்டிங் லாப நஷ்டக் கணக்குக்குக் கொண்டுபோய், யார் பொறுப்பு என்று கேட்க வேண்டும். 0.8 வரை நார்மல். 7.5-ல் மீதி 6.7 அப்நார்மல். இன்ஜினியர்கள் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி "மைனர்" என்று சீட்டு ஒட்டிவிட்டார்கள். பெயர் வைத்தவர்கள் மேல் முழுத் தப்பும் இல்லை. பல கிலோமீட்டர் நீளக் குழாயில் நாலு எல்போவின் இழப்பு நிஜமாகவே சின்னதுதான். கிணற்று மோட்டாரின் பைப் நீளம் எவ்வளவு? அங்கே மைனர்தான் மேஜர்.

"கரண்ட்தான் இலவசமாச்சே, யாருக்கு நஷ்டம்?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984லும், எல்லா விவசாயிகளுக்கும் 1990லும் இலவச மின்சாரம் வந்தது. விவசாயியின் மீட்டரில் நஷ்டம் தெரியாது என்பது உண்மை. மின்வாரியத்தின் கணக்கில் தெரியும், அதை ஈடுகட்டும் மானியத்தில் தெரியும், அது வேறு பஞ்சாயத்து. விவசாயியின் நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வராத இடத்தில், வரும் நேரத்துக்குள் எத்தனை லிட்டர் வரப்புக்குப் போகிறது என்பதுதான் அவருடைய கணக்கு. பம்பின் மேல் நான்கு மீட்டர் கூடுதல் சுமை ஏறினால் பம்பு ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி வரப்பு காயும்.

இதைவிடப் பெரிய அடி கோடையில் விழும். கிணற்றுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பம்பு தண்ணீரை உறிஞ்சுவதாகச் சொல்கிறார்கள். தண்ணீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தம். அதன் உச்சவரம்பு சுமார் 10.3 மீட்டர். நடைமுறையில் ஆறு, ஆறரை மீட்டர் தேறினால் பெரிய விஷயம். அதில் மூன்றரையை ஃபுட் வால்வே தின்றுவிட்டால் மிச்சம் மூன்று மீட்டர். (பம்பு ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சமாளிக்கும், பிறகு கடகடவென்று சத்தம் போட்டுக் காற்று வாங்கும்.) பங்குனி, சித்திரையில் தண்ணீர் இறங்கும்போது மோட்டார் இழுக்காது. உடனே "கெணறு வத்திப்போச்சு" என்று முடிவு. மோட்டாரைக் கீழ்த்திட்டுக்கு இறக்க ஆள் கூலி, இல்லாவிட்டால் நகையை வைத்து போர்வெல். கிணற்றில் பத்தடித் தண்ணீர் சும்மா கிடக்கும், வால்வின் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

இங்கே இன்னொரு ஆட்சேபணை வரும். "இப்ப எல்லாம் சப்மெர்சிபிள் போர்தானே, புட்வால் ஏது?" நியாயம். சப்மெர்சிபிளில் ஃபுட் வால்வு கிடையாது. போர் தலையில் எல்போ உண்டு, நான்-ரிட்டர்ன் வால்வு உண்டு, கேட் வால்வு உண்டு, இரண்டு இன்ச்சை ஒன்றரையாக்கும் ரெட்யூசர் உண்டு. சொட்டு நீர் போட்டிருந்தால் ஃபில்டரும் உரம் கலக்கும் வெஞ்சுரியும் உண்டு. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியத்தில் சொட்டு நீர் தருகிறார்கள். ரெட்டியார்சத்திரத்தில் இந்திய–இஸ்ரேல் கூட்டில் காய்கறி மகத்துவ மையமே நடக்கிறது. சொட்டு நீரின் ஆட்டமே அழுத்தத்தில்தான். ஃபில்டர் அடைத்து அரைக் கிலோ அழுத்தம் போனால் 5 மீட்டர் போனது. அதைச் சொல்லத்தான் ஃபில்டருக்கு இரண்டு பக்கமும் கேஜ். தோட்டத்துக்குப் போய் அந்த கேஜ் முள் ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள். லேபில் மானோமீட்டரைக் கண்டுகொள்ளாதவன் தோட்டத்துக்கு டிசைன் போட வந்தால் கேஜைக் கண்டுகொள்வானா?

இந்தச் சூத்திரத்தை உலகத்துக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் ஹென்றி டார்சி. அவர் பிரான்ஸில் டிஷோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த அரசாங்க இன்ஜினியர். 1840ல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊற்றுத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்தார். பிறகு பாரிஸில் குழாய் குழாயாகப் பொருத்தி, புதுசு, துருவும் படிவும் ஏறிய பழசு என்று பிரித்து அளந்து 1857ல் வெளியிட்டார். புதுக் குழாயும் பழைய குழாயும் ஒன்றல்ல என்று அந்த அளவீடு காட்டியது. அவருக்குப் புத்தகத்தில் விடை தயாராக இருக்கவில்லை. அளந்ததையே எழுத வேண்டியிருந்தது! உப்புத் தண்ணீர் ஓடி ஓடி உள்ளே வெள்ளையாகப் படிவு கட்டிய திண்டுக்கல் எல்போவுக்கு எந்தப் புத்தகத்தில் கே மதிப்பு இருக்கிறது? அளந்தால்தான் உண்டு.

அளக்கும் கருவி இல்லையா? தாராளமாக இருக்கிறது. திண்டுக்கல்லைச் சுற்றி இன்ஜினியரிங் காலேஜுகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் பஞ்சமில்லை. சிவில், மெக்கானிக்கல் இருக்கும் இடத்தில் இந்த லேபும் இருக்கும். எல்போவை யூனியன் கழற்றி மாற்றப் பத்து நிமிடம். கருவியோடு கம்பெனி கொடுத்த எல்போவையே பதினைந்து வருடமாக, பேட்ச் பேட்ச்சாக அளந்துகொண்டிருப்பதற்குப் பதில், டவுன் ஹார்டுவேர்ஸ் கடையில் விற்கும் ஜி.ஐ. எல்போ, பி.வி.சி. எல்போ, நீள பெண்டு மூன்றையும் வாங்கி மாட்டினால் என்ன? ஃபுட் வால்வுக்குக்கூடப் புதுக் கருவி வேண்டாம். அதே லேபின் இன்னொரு மூலையில் சென்ட்ரிஃபியூகல் பம்பு டெஸ்ட் ரிக் நிற்கிறது. அதன் சக்சன் பைப்பிலும் ஒரு ஃபுட் வால்வு இருக்கிறது, மேலே வேக்குவம் கேஜும் இருக்கிறது. வால்வை மாற்றி மாற்றி ஒரே ஓட்டத்தில் கேஜைப் படித்தால் போதும். மேலே சொன்ன 6 லிட்டர், 2 இன்ச் கணக்குப்படி நல்ல வால்வுக்கும் மட்ட வால்வுக்கும் கேஜில் 240 மி.மீ. பாதரச வித்தியாசம் தெரியும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிழை வந்தாலும் மறைக்க முடியாத வித்தியாசம் இது.

"லேப்ல சொல்லித் தர்றது கான்செப்ட், மார்க்கெட் சர்வே இல்ல" என்று லெக்சரர்கள் சொல்லலாம். கான்செப்ட் என்ன? இழப்பு பொருளுக்குப் பொருள் மாறும், ஆகவே அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதானே கான்செப்ட்? விடையை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டு அளக்கச் சொன்னால் பையன் படிப்பது வேறு பாடம்: கருவியும் புத்தகமும் சண்டை போட்டால் கருவியை அழி. அந்தப் பாடத்தோடு அவன் நாளைக்குப் பாலத்துக்கும் அணைக்கும் போவான்.

சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. கிராமத்து வேலையும் படிப்பும் பிரிந்திருக்கக் கூடாது என்ற எண்ணத்தில் 1956ல் அங்கே கிராமிய நிறுவனம் தொடங்கினார்கள், 1976ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அந்த யோசனை திண்டுக்கல்லுக்குப் புதிதில்லை என்பதற்காகச் சொல்வது.

அரசாங்கத்தின் பக்கமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பம்புக்கு நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். ஐந்து நட்சத்திர பம்பு வாங்கு என்கிறார்கள். ஐந்து நட்சத்திர பம்பின் காலில் 7.5 வால்வைக் கட்டி, கழுத்தில் மூன்று எல்போவை மாட்டினால் எத்தனை நட்சத்திரம் மிஞ்சும்? மாற்ற வேண்டியது சில சமயம் பைப் மட்டும்தான். 2 இன்ச்சை 3 இன்ச் ஆக்கினால் அதே ஓட்டத்துக்கு இழப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், மட்டமான வால்வாக இருந்தாலும்கூட. மோட்டாருக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது தூசு.

மாநிலத்தில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கு மேல். கிணற்றுக்கு 1000 யூனிட் என்று 20 லட்சத்தால் பெருக்கிவிட்டு "பார்த்தீர்களா!" என்று கத்துவது சுலபம். அதுவும் ரப்பர் வைத்து எழுதிய 0.9 மாதிரித்தான். எத்தனை கிணற்றில் எந்த வால்வு, எந்த பைப் என்று அளந்த பிறகு பெருக்க வேண்டும். ஒரு வகுப்பில் 60 பேர். ஆளுக்கு ஒரு கிணறு, சொந்த ஊர்க் கிணறாகவே இருக்கட்டும். பைப் என்ன இன்ச், எல்போ எத்தனை, வால்வு என்ன வகை, கோடையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? இந்த நான்கு கேள்விக்கும் பதிலை ரெக்கார்டின் அதே பக்கத்தில் எழுதச் சொல்லலாம். சீனியர் நோட்டைப் பார்த்துக் காப்பி அடிக்க முடியாத பக்கம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.